0-4 ஒரே நாளில் வருவதில்லை

2011 இங்கிலாந்து டெஸ்ட் தொடர் பற்றிப் பேச்சு வந்தாலே மூன்று பதில்கள் ரெடியாக இருக்கும். ஐபிஎல் கெடுத்துவிட்டது, சீனியர்களுக்கு வயதாகிவிட்டது, தோனிக்கு டெஸ்ட் கேப்டன்சி வராது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் நம்பர் 1 இடத்தில் இருந்துகொண்டு போன அணி நான்கு டெஸ்டையும் தோற்று வந்ததற்கு அது போதாது. என்னைக் கேட்டால், அந்தத் தொடர் பாதி தோற்றது அட்டவணை போட்ட மேஜையில். மீதிப் பாதி, ஒருத்தர் காயப்பட்டால் அடுத்து யார் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லாததில்.

தேதிகளைப் பாருங்கள். ஏப்ரல் 2 உலகக் கோப்பை இறுதிப்போட்டி. ஆறே நாளில் ஐபிஎல் தொடக்கம், மே 28 வரை. உடனே வெஸ்ட் இண்டீஸ் பயணம். டொமினிக்காவில் கடைசி டெஸ்ட் முடிந்தது ஜூலை 10. ஜூலை 15 டான்டனில் சோமர்செட்டுக்கு எதிராக மூன்று நாள் ஆட்டம். ஜூலை 21 லார்ட்ஸ். அதாவது முதல் டெஸ்டுக்கு முன் இங்கிலாந்து மண்ணில் ஒரே ஒரு பயிற்சி ஆட்டம். அதிலும் சோமர்செட் பக்கம் இறங்கி ஃபார்முக்குத் திரும்பியவர் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ். முதல் இன்னிங்ஸில் 78, இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் சதம். நம் பயிற்சி ஆட்டத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டது எதிரணி கேப்டன்!

ஜாகீர் கான் வெஸ்ட் இண்டீஸ் போகவில்லை. அவர் கடைசியாக ஆடிய பெரிய தொடர் ஐபிஎல். அங்கே ஒரு ஆட்டத்துக்கு நான்கு ஓவர். டெஸ்டில் ஒரு நாளைக்கு 18, 20 ஓவர் போட வேண்டும், மறுநாளும் அதே ஓட்டத்தில் வர வேண்டும். வேகப்பந்து வீச்சாளரின் தொடைத்தசையும் முதுகும் இந்தச் சுமைக்கு வாரக்கணக்கில், படிப்படியாகத்தான் பழகும். வலையில் எத்தனை ஓவர் போட்டாலும், மூன்றாவது ஸ்பெல்லில் களைத்த காலோடு ஓடிவரும் பழக்கம் ஆட்டத்தில்தான் வரும். லார்ட்ஸில் முதல் நாள் குக், ஸ்ட்ராஸ் இருவரையும் எடுத்த ஜாகீர் 13.3 ஓவரில் ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) பிடித்து வெளியே போனார். தொடரே அவருக்கு அவ்வளவுதான். கடைசியில் தோனி கிளவுஸைக் கழற்றிவிட்டு மீடியம் பேஸ் போட, டிராவிட் கீப்பிங் செய்தார். கேலி செய்தார்கள். நான்கு பவுலர்களில் முக்கியமானவர் முதல் நாளே போய்விட்டால் ஒரு கேப்டன் என்னதான் செய்வார்? பீட்டர்சன் 202 நாட் அவுட்.

இதற்குப் பிறகும் தொடர் கையில்தான் இருந்தது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டிரென்ட் பிரிட்ஜில் நடந்த இரண்டாவது டெஸ்டில் இங்கிலாந்து 124-க்கு 8. அங்கிருந்து பிராடும் ஸ்வானும் 221 வரை கொண்டுபோனார்கள். பதிலுக்கு நாம் 267-க்கு 4. நியாயமாகப் பார்த்தால் 150 ரன் லீட் வந்திருக்க வேண்டும். 288-க்கு ஆல் அவுட்.

அந்தச் சரிவில்தான் பாடம் இருக்கிறது. 80 ஓவர் முடிந்ததும் புதுப்பந்து வரும். இங்கிலாந்தில் ஆடும் டியூக்ஸ் பந்தின் ஆறு வரிசைத் தையலும் கையால் போட்டது. சீம், அதாவது அந்தத் தையல், எழும்பி நிற்கும், பளபளப்பும் எளிதில் போகாது. ஆஸ்திரேலியாவில் ஆடும் கூக்கபுரா பந்து 20 ஓவரில் சாதுவாகிவிடும். டியூக்ஸ் 40 ஓவர் தாண்டியும் பேசும். யுவராஜ் 267-இல் அவுட். ஸ்கோர் 273-இல் நின்றபோது தோனி, ஹர்பஜன், பிரவீன் குமார் என்று பிராடுக்கு ஹாட்ரிக். ஹர்பஜன் பந்தைத் தெளிவாக பேட்டில் வாங்கியும் எல்பிடபிள்யூ. ரிவ்யூ கேட்க வழியில்லை. பந்தின் பாதையைக் கணிக்கும் முறையை நம் போர்டு ஒத்துக்கொள்ளாததால் அந்தத் தொடரில் எல்பிடபிள்யூவுக்கு ரிவ்யூவே கிடையாது. நம் வினை நம்மையே சுட்டது. ஆனால் பிரச்னை அந்த ஒரு முடிவு இல்லை. வால் பகுதி ஆட்டக்காரர்கள் புதுப்பந்தைச் சந்திக்கும் நேரம் எப்போது என்று முன்கூட்டியே தெரியும். அதற்கு ஆயத்தம் இல்லை.

பேட்டிங் பக்கம், எட்டு இன்னிங்ஸில் அதிகபட்சம் 300. அதுவும் கடைசி டெஸ்ட் நடந்த ஓவலில், டிராவிட் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 146 நாட் அவுட்டாகக் கடைசி வரை நின்றதால் வந்தது. அவர் செய்ததில் மாயம் ஒன்றும் இல்லை. நம் ஆடுகளங்களில் பந்து முட்டிக்குக் கீழே வரும், முன்காலைப் போட்டு எழும்பும்போதே டிரைவ் ஆடலாம். இங்கிலாந்தில் அதே ஷாட்டில் பந்து கடைசி ஒரு மீட்டரில் விலகி, விளிம்பை எடுத்துக்கொண்டு இரண்டாம் ஸ்லிப்புக்குப் போகும். டிராவிட் பந்தைக் கண்ணுக்கு நேர் கீழே வரவிட்டார். மேல் கையை மட்டும் இறுக்கி, கீழ்க்கையைத் தளர்த்தினார். விளிம்பு பட்டாலும் பந்து ஸ்லிப்புக்கு முன்னால் விழுந்தது. நான்காவது ஸ்டம்ப் லைனில், அதாவது ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே வந்ததை, ஆடாமல் விட்டுக்கொண்டே இருந்தார். மூன்று சதம், 461 ரன். இந்தப் பழக்கம் கைக்கு வர நாலைந்து முழு இன்னிங்ஸ் வேண்டும். ஒரே டான்டன் ஆட்டத்தில் எத்தனை பேருக்கு அது கிடைத்திருக்கும்? சேவாக் கதை இன்னும் மோசம். தோள் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர் நார்த்தாம்டனில் இரண்டு நாள் ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு எட்ஜ்பாஸ்டனில் மூன்றாவது டெஸ்டில் இறங்கினார். இரண்டு இன்னிங்ஸிலும் முதல் பந்திலேயே டக்.

அதே எட்ஜ்பாஸ்டனில் குக் 294, இங்கிலாந்து 710-க்கு 7. நம் பவுலர்கள் 188.1 ஓவர் களத்தில் நின்றார்கள். அந்த டெஸ்ட் முடிந்து ஐந்தே நாளில் ஓவல் டெஸ்ட். ஒருதலைப்பட்சமான தொடர் இப்படித்தான் வேகம் எடுக்கும்: பேட்டிங் இரண்டு செஷனில் சுருண்டால் பவுலருக்கு ஓய்வு இல்லை, ஓய்வு இல்லாவிட்டால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் எதிரணி 600 அடிக்கும். 15 விக்கெட் எடுத்த பிரவீன் குமாரும் ஓவலுக்கு இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் டெஸ்டே ஆடாத ஆர்.பி.சிங்கை வரவழைத்துப் புதுப்பந்தைக் கையில் கொடுத்தார்கள். ஒரு விக்கெட்டும் விழவில்லை. தப்பு அவர் மேல் இல்லை.

இதற்கு நேர் எதிர் உதாரணம், நாம் தொடரை வென்ற 2020-21 ஆஸ்திரேலியா பயணம். அடிலெய்டில் 36-க்கு ஆல் அவுட், கோலி ஊருக்குத் திரும்பினார், ஷமிக்குக் கை முறிவு. 2011 அணியாக இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பிரிஸ்பேன் டெஸ்டுக்கு பும்ரா, அஸ்வின், ஜடேஜா, உமேஷ் யாருமே இல்லை. ஆனால் நெட் பவுலராகக் கூட்டிப் போயிருந்த நடராஜனும், வெள்ளைப்பந்து ஆட்டம் முடிந்தும் அனுப்பாமல் வைத்திருந்த வாஷிங்டன் சுந்தரும் இரண்டு மாதமாக அங்கேயே பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். சிராஜ் ஏற்கெனவே ஏ அணியோடு (தேசிய அணிக்கு அடுத்த நிலை அணி) பல பயணம் போனவர். சுந்தரும் ஷர்துலும் சேர்த்த 123 ரன்னும், சிராஜின் 5 விக்கெட்டும் அதிர்ஷ்டத்தில் வந்ததல்ல.

ஆனால் நடுவில் 2018 இங்கிலாந்து பயணத்தில் செம்ஸ்ஃபோர்ட் பயிற்சி ஆட்டத்தை நான்கு நாளிலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். அந்தத் தொடர் 1-4. பயிற்சி ஆட்டத்திலும் 11 பேர் மட்டும் ஆட வேண்டும், அவுட் ஆனவன் உட்கார வேண்டும். 15, 18 பேர் மாறி மாறி இறங்கினால் அது வலைப்பயிற்சிதான், மைதானம் மட்டும் பெரிது. முதல் டெஸ்டுக்கு முன் இப்படி இரண்டு ஆட்டம், ஒவ்வொரு முன்னணி பவுலருக்கும் குறைந்தது 40 ஓவர், கூடவே ஏ அணி அதே மாதத்தில் அதே நாட்டில். இது மூன்றும் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அணித் தேர்வு பற்றிச் சண்டை போடலாம்.