ராதாகமல் வேறு, ராதாகுமுத் வேறு

"லக்னோ பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த சமூகவியல் அறிஞர் ஆர்.கே. முகர்ஜிதான் இந்தியக் கப்பல் வரலாற்றையும் எழுதினார்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. இரண்டு மனிதர்களை ஒருவராக்கிவிட்டார்கள்.

ராதாகமல் முகர்ஜி, ராதாகுமுத் முகர்ஜி இருவரும் வங்காளத்து உடன்பிறந்தவர்கள். இருவரும் லக்னோவில் பேராசிரியர்கள். முதலெழுத்துகளும் ஒன்றே என்பதால் குழப்பம் எளிதில் வந்துவிடுகிறது. கப்பல் வரலாற்று நூலை 1912இல் வெளியிட்டவர் வரலாற்றாசிரியரான அண்ணன் ராதாகுமுத். நூலின் முகப்புப் பக்கத்தில் அவர் பெயர் முழுமையாகவே அச்சாகியிருக்கிறது.

தம்பி ராதாகமல் 1921இல் லக்னோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம், சமூகவியல் துறையின் தலைவராகச் சேர்ந்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அத்துறையைக் கட்டி எழுப்பினார். உழவர், தொழிலாளர் வாழ்வை நேரில் ஆராய்ந்தார். ஓய்வு பெற்ற பிறகே, 1955 முதல் 1957 வரை துணைவேந்தர். பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர்கள் பட்டியலில் இதைச் சரிபார்க்கலாம்.

இருவருமே வாழ்நாள் முழுக்க உழைத்த பெரியவர்கள். ஒருவரின் உழைப்பை மற்றவர் கணக்கில் எழுதுவது மனதை உறுத்துகிறது. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். முன்பே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் பகிருங்கள்.