கேபிள் சேனலுக்கு எந்த டியூனரும் போதாது

"ஏதாவது யூஎஸ்பி டியூனர் (டிவி சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் கருவி) வாங்கி கோடி (Kodi) என்ற மீடியா பிளேயர் மென்பொருளைப் போட்டால் கேபிள் சேனல் எல்லாம் கம்ப்யூட்டரில் வரும்" என்று சிலர் சொல்வது தவறு. தயவுசெய்து அதை நம்பிக் காசை விடாதீர்கள். கும்பகோணம், மன்னார்குடி பக்கம் வீட்டுக்கு வரும் டிஜிட்டல் கேபிள் டிவிபி-சி என்ற கேபிள் ஒளிபரப்பு முறையில் வருகிறது. ஆன்டெனா ஒளிபரப்புக்கான டிவிபி-டி ஸ்டிக் அதைப் பிடிக்காது. சரியான டியூனரே வாங்கினாலும் கட்டணச் சேனல்கள் பூட்டித்தான் வரும். சாவி செட்டாப் பாக்ஸிடம் இருக்கிறது.

தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் போதுமென்றால் வழி உண்டு. 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கித் தட்டு, செயற்கைக்கோள் சிக்னலுக்கான ஒரு டிவிபி-எஸ்2 டியூனர். டிடி தமிழ் தாராளமாக வரும். கோடி வெறும் முகப்பு. டியூனரை இயக்க டிவிஹெட்எண்ட் அல்லது நெக்ஸ்ட்பிவிஆர் மென்பொருள் வேண்டும். ஐப்பசி அடைமழையில் படம் உடைந்தால் டியூனரைக் குறை சொல்லாதீர்கள், இந்தச் சேவை வரும் கேயு பேண்ட் அலைவரிசை மழையில் அப்படித்தான்.