புதிய கேம்ரிக்கு சார்ஜர் தேவையில்லை
2025 மாடலிலிருந்து அமெரிக்காவில் டொயோட்டா கேம்ரி கார் ஹைபிரிடாக (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வகை) மட்டுமே விற்கப்படுவதால், அதை வாங்குபவர் வீட்டில் சார்ஜர் பொருத்தியாக வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. பழைய வி6 (ஆறு சிலிண்டர்) பெட்ரோல் எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டது. இரண்டாவது பாதி சரியல்ல. இது மின்செருகி வைத்து சார்ஜ் செய்யும் வகை அல்ல, சாதாரண ஹைபிரிட். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலையும் 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் சக்தியில் ஒரு பகுதியையும் கொண்டு பேட்டரி தானே நிரம்பிக்கொள்கிறது. பெட்ரோல் போட்டால் போதும். டொயோட்டாவின் இன்னொரு காரான பிரியஸில் இரண்டு வகையும் கிடைப்பதால் இந்தக் குழப்பம் இயல்புதான்.

சரிபார்ப்பதும் எளிது. ஷோரூமில் நிற்கும் காரின் ஜன்னலில் ஒட்டியிருக்கும் எரிபொருள் சிக்கன ஒட்டுவில்லையைப் (ஸ்டிக்கரை) பாருங்கள். செருகி சார்ஜ் செய்யும் கார் என்றால் சார்ஜ் ஆகும் நேரமும், மின்சாரத்தில் மட்டும் ஓடும் தூரமும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். கேம்ரியின் வில்லையில் இவை இரண்டும் இருக்காது. பெட்ரோல் மைலேஜ் மட்டுமே இருக்கும். விற்பனையாளர் சொல்வதைவிட அந்த வில்லையை நம்பலாம். வண்டியைச் சுற்றி வந்தும் பாருங்கள், சார்ஜிங் துளை எங்கும் தென்படாது.