ரீலைத் தேடுங்கள், கம்பைத் தேடுங்கள், இறகை விட்டுவிடுங்கள்

பழைய ஃபிளை ஃபிஷிங் சாமான், அதாவது இறகால் கட்டிய போலிப் பூச்சியை (ஃபிளை) இரையாக வைத்து மீன் பிடிக்கும் கம்பு, நூலைச் சுற்றும் ரீல் போன்றவை, எங்கே கிடைக்கும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று இன்பாக்ஸில் கேட்பவர்கள் இப்போது அதிகம். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். எனக்கு இதில் ஒரே ஒரு அளவுகோல்தான். இன்றைக்கும் ஆற்றில் இறங்கி வேலை செய்யக்கூடிய பொருளா? அப்படியானால் எவ்வளவு அலைந்தாலும் தகும்.

நம் பக்கத்தில் தேட வேண்டிய இடம் நீலகிரி. 1863இல் பிரான்சிஸ் டே என்பவர் டிரவுட் என்ற குளிர்நீர் மீனை இங்கே கொண்டுவரப் பார்த்தார், கைகூடவில்லை. 1907இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் மலை ஓடைகளில் அந்த மீன் நிலைத்தது. மீன் வந்த இடத்துக்குத் துரைமாரின் தூண்டிலும் வந்தது. ஆகவே பழைய எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது நடக்கும் ஏலம், ஊட்டி, குன்னூர் பழைய சாமான் கடைகள், ஏன், பழைய இரும்புக் கடையைக்கூட விடாதீர்கள். வெளிநாட்டு ஏலத்தில் இணையம் வழியாகவும் எடுக்கலாம். ஆனால் அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் விலை எங்கேயோ போய்விடும்.

ரீல் என்றால் பெரும்பாலானோர் முதலில் கேட்பது ஹார்டி பெர்ஃபெக்ட். இங்கிலாந்தின் ஆல்ன்விக் ஊரில் 1872இல் தொடங்கிய ஹார்டி சகோதரர்கள் 1890களில் இருந்து செய்த ரீல் அது. உள்ளே பால் பேரிங் இருக்கும். குன்னூர் பங்களா ஒன்றின் தகரப் பெட்டியில் இருந்து வந்த ஒன்றை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையை நிறைக்கும் அளவு, மேலே மங்கிய ஈயச் சாம்பல் பூச்சு, பழுப்பேறிய கைப்பிடி. சுற்றினால் கர்ர்ரென்று ஒரே சீரான சத்தம், எங்கேயும் தடுக்கல் இல்லை. அந்தப் பூச்சைப் பார்த்தால் அழுக்கு மாதிரிதான் தெரியும். வீட்டில் யாராவது பிராஸோ போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டால் முடிந்தது கதை, அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தயவுசெய்து தேய்க்காதீர்கள், துணியால் துடைத்தால் போதும். வாங்குவதற்கு முன் திருகாணிகளின் தலை சிதைந்திருக்கிறதா, கம்பில் மாட்டும் அடிப்பட்டையை யாராவது அரம் போட்டு ராவியிருக்கிறார்களா, விளிம்பு கீழே விழுந்து வளைந்திருக்கிறதா, இதையெல்லாம் பாருங்கள்.

மூங்கில் கம்புக்கு இன்னும் பொறுமை வேண்டும். மூங்கிலை ஆறு பட்டைகளாகச் சீவி, அறுகோணமாக ஒட்டிச் செய்தது அது. ஆரம்பத்தில் கல்கத்தா வழியாகப் போன இந்திய மூங்கிலில் செய்தார்கள், பிறகு தென்சீனத்து மூங்கிலுக்கு மாறினார்கள். பழைய கம்புகளில் இருப்பது பெரும்பாலும் மிருகப் பசை. மலை ஈரத்தில் வருடக்கணக்காகக் கிடந்தால் விட்டுப்போகும். மெதுவாக வளைத்துக் காதருகே வையுங்கள், டிக் டிக்கென்று கேட்டால் பட்டை பிரிந்திருக்கிறது. ஒரு கண்ணை மூடி, கம்பின் நீளத்துக்கும் பாருங்கள், ஒரு பக்கமாக நிரந்தரமாக வளைந்திருந்தால் தெரிந்துவிடும். இரண்டு நுனித்துண்டுகள் இருந்தால் சேர்த்து வைத்து அளந்து பாருங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் எப்போதோ உடைந்ததை ஒட்ட நறுக்கியிருக்கிறார்கள். உலோக இணைப்பை இழுத்தால் "பொப்" என்று கழல வேண்டும், லொடலொடவென்று ஆடக் கூடாது. பட்டு நூல் லைன் பிசுபிசுத்திருந்தால் அதில் மீன் பிடிக்க முடியாது, விடுங்கள்.

இப்போது நான் வாதாட வந்த விஷயத்துக்கு வருகிறேன். பழைய சால்மன் ஃபிளைகள், அதாவது சால்மன் என்ற மீனைப் பிடிக்கக் கட்டியவை. விக்டோரியா காலத்தில் பிரிட்டனில் கட்டிய இந்த ஃபிளைகளில் உலகத்துப் பறவைகளின் இறகுகள் எல்லாம் இருக்கும். அவற்றில் மெழுகுத்துளி சொட்டியது போல வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி வைத்த ஓர் இறகு அடிக்கடி வரும். அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விடியற்காலையில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. அன்று கட்டிய ஃபிளை கண்ணாடிப் பெட்டியில் இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதே மாதிரி புதிதாகக் கட்ட வேண்டும் என்று அசல் இறகைத் தேடி அலைவதை என்னால் ஏற்கவே முடியாது.

இந்த வெறி எதுவரை போகும் என்று பார்த்தாயிற்று. 2009 ஜூனில், லண்டனில் இசை படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் இங்கிலாந்தின் டிரிங் ஊர் அருங்காட்சியகத்துக்குள் இரவில் புகுந்து ஆராய்ச்சிக்காக இறகோடு பதப்படுத்தி வைத்திருந்த 299 பறவைத் தோல்களை எடுத்துக்கொண்டு போனார். ஃபிளை கட்டுகிறவர்களுக்கு விற்கத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவையும் அதில் இருந்தன. பலவற்றில் எங்கே, எப்போது சேகரித்தது என்று எழுதிய சீட்டைக் கழற்றிவிட்டார்கள். சீட்டுப் போன பிறகு ஆராய்ச்சியாளருக்கு அந்தத் தோலால் என்ன பயன்? வாங்கியவர்களும் நம்மைப் போலப் பழைய சாமான் பிரியர்கள்தான் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

காட்டுக்கோழியை வேட்டையாடுவதும் இறகை விற்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி இங்கே குற்றம். சட்டமே இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். சாயம் ஏற்றிய வீட்டுக்கோழி இறகு இருக்கிறது, அந்தப் புள்ளியை அச்சடித்த பிளாஸ்டிக்கும் வருகிறது. டிரவுட்டுக்கு வித்தியாசம் தெரியாது.

நீலகிரிப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது கம்போ ரீலோ கிடந்தால் எடைக்குப் போடாமல் முதலில் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். எந்த பங்களா, யார் வைத்திருந்தது என்ற விவரம் தெரிந்தால் அதையும் ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். "ஒரிஜினல் இறகு இருக்கு, வேணுமா" என்று கேட்டு வருகிற மெசேஜ்களுக்கு மட்டும் பதில் வராது.