வார்சாவின் பழைய நகரம் கொப்பி இல்லை, அண்ணை

போன சனிக்கிழமை போலந்தின் தலைநகர் வார்சாவைப் பார்க்க எங்களோடு பஸ்ஸில் வந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களும், எங்களோடு வந்த அண்ணை ஒருவர் போட்ட படத்தையும் அதற்கு மேலே எழுதியிருந்ததையும் பார்த்திருப்பீர்கள். "பழைய நகரம் என்று கூட்டிக்கொண்டு போய் 1953இல் கட்டின கொப்பியைக் காட்டுகிறார்கள், காசு வீண்." மூன்று நாளாக ஒன்றும் சொல்லாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

எழுதியதைவிட எனக்கு நோவது, அண்ணை அதை எங்களுக்கு ஊர் காட்டின வழிகாட்டி அம்மாவின் முகத்துக்கு நேரேயும் சொன்னதுதான். அறுபதைத் தாண்டிய மனுசி. இரண்டரை மணித்தியாலம் அந்தக் கல்லுத் தெருவில் எங்களுக்கு முன்னால் நடந்து, பின்தங்கின பிள்ளைகளுக்காக ஒவ்வொரு மூலையிலும் நின்று நின்று கூட்டிக்கொண்டு போனவர். சந்தைச் சதுக்கத்தில் கடற்கன்னி சிலைக்குப் பக்கத்தில், தன் தாய் பதினாறு வயதில் இடிபாட்டுக்குள் செங்கல் பொறுக்கி, ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டி அடுக்கிக் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் "அப்ப இதெல்லாம் போலிதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அண்ணை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "ஓம், புதியதுதான்" என்றார். அப்புறம் நடந்தார்.

புதியது என்றுதான் சொன்னார், கவனித்தீர்களா? புதியது வேறு, போலி வேறு. போலி என்றால் ஏமாற்ற வேண்டும். அந்த நகரம் யாரை ஏமாற்றியது? அரண்மனைக்கு முன்னால் நிற்கும் சிகிஸ்முண்ட் மன்னரின் தூண் 1644இல் வைத்தது, 1944 செப்டம்பரில் விழுத்தப்பட்டது. 1949இல் புதுத் தூண் நிறுத்தியபோது, உடைந்த பழைய தூணின் துண்டுகளை மறைக்கவில்லை, அரண்மனைச் சுவரோரம் எல்லாரும் பார்க்கக் கிடத்தியிருக்கிறார்கள். அதன் மேல் கை வைத்து நின்று நாங்கள் எல்லோரும் படம் எடுத்தோமே. அண்ணையும் எடுத்தார்.

இது எப்படி இடிந்தது என்பதையும் நினைக்க வேண்டும். 1944 ஆகஸ்ட் 1ஆம் திகதி, நகரத்தைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் படைக்கு எதிராகச் சனம் எழும்பியது, 63 நாள் தாக்குப் பிடித்தது. சண்டையில் இடிந்தது ஒரு பங்கு. சண்டை முடிந்து, மிச்சமிருந்தவர்களையும் நகரத்தை விட்டுத் துரத்திய பிறகு, ஜெர்மன் படை ஆறுதலாக வீடு வீடாகப் போய்க் கொளுத்தியும் வெடி வைத்தும் அழித்தது. பழைய நகரத்தில் 85 வீதத்துக்கு மேல் போய்விட்டது. இந்த நகரம் இனி இருக்கக் கூடாது என்று முடிவெடுத்துச் செய்த வேலை அது.

அதற்கு எதிராகக் கட்டியதுதான் இது. கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் வீடுகளை அளந்து வரைந்த தாள்களை எரியும் நகரத்திலிருந்து கடத்தி, பியோத்ர்கூவ் என்ற ஊரில் ஒரு மடத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் பெர்னார்டோ பெலோட்டோ என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த நகரக் காட்சிகளைப் பார்த்துப் பார்த்து முகப்புகளை எழுப்பியிருக்கிறார்கள். அரண்மனையைக் கட்ட மட்டும் பிறகும் கிட்டத்தட்ட இருபது வருசம் காத்திருந்து, 1971இல் தொடங்கி, சனம் கொடுத்த காசில் கட்டி 1984இல் திறந்தார்கள். யுனெஸ்கோ 1980இல் பழைய நகரத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்ததே இந்தத் திருப்பிக் கட்டலுக்காகத்தான். இதை எல்லாம் அந்த அம்மா சொன்னார். அண்ணை அப்போது கைபேசியில் இருந்தார்.

எங்கள் வீட்டுக் கதை சிலருக்குத் தெரியும். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தபோது கூரை இல்லை, விறாந்தை இல்லை, தலைவாசல் நிலை மட்டும் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அம்மா மேசனிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை, அதே நிலையை அதே இடத்தில் வை, விறாந்தை பழைய அகலத்தில் வரட்டும் என்றுதான் சொன்னா. காசு போதாமல் ஆறு வருசம் இழுபட்டது. அந்த வீட்டில்தான் அவ கண்ணை மூடினா. யாராவது வந்து, இது உங்கள் பழைய வீடு இல்லையே என்று அம்மாவிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. சதுக்கத்தில் நின்றபோது அதுதான் நெஞ்சுக்குள் வந்தது, அதனால்தான் அன்று பஸ்ஸில் யாரோடும் கதைக்கவில்லை. கோபம் என்று நினைத்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

காசு கொடுத்தவன் கேள்வி கேட்கக் கூடாதா என்பார்கள். கேட்கலாம், அது கேள்வி இல்லை. உண்மையான பழசு பார்க்க கிராகோவுக்குப் போயிருக்கலாம் என்பார்கள். போங்கள், வடிவான ஊர், போரில் பெரும்பாலும் தப்பியது. தப்பியது அதன் அதிர்ஷ்டம், தப்பாதது வார்சாவின் குற்றமா? கம்யூனிஸ்ட் அரசாங்கம் பெயர் எடுக்கக் கட்டியது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இருக்கட்டுமே, செங்கல் சுமந்தது சனம்.

ஒன்று மட்டும் எனக்கும் உறுத்துகிறது, மறைக்கவில்லை. வார்சாவைக் கட்ட வ்ரோத்ஸ்வாஃப் போன்ற ஊர்களிலிருந்து செங்கல் கொண்டுவந்தார்கள், அங்கேயும் வீடுகள் இடிந்துதான் கிடந்தன. அதைவிடப் பெரியது, போருக்கு முன் இந்த நகரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் யூதர். அவர்களை அடைத்து வைத்த பகுதி திருப்பிக் கட்டப்படவே இல்லை, அந்த இடிபாட்டின் மேலேயே முரானூவ் என்று புதுக் குடியிருப்பு வந்தது. பழையபடி கட்டித் தா என்று கேட்க அந்தச் சனம் உயிரோடு இல்லை. இதையும் யாரும் கேட்காமல் அந்த அம்மாவேதான் சொன்னார், குரல் இறங்கிப்போய்ச் சொன்னார். கேட்க இவ்வளவு இருக்கிற இடத்தில் போலியா என்றுதானா கேட்பது?

ஊருக்குப் போகிற ஒவ்வொரு முறையும் யாழ் நூலகத்துக்கு முன்னால் நின்று படம் போடுகிறவர் அண்ணை. 1981இல் எரித்தார்கள், திருப்பிக் கட்டினோம் என்று நெஞ்சு நிமிர்த்தி எழுதுகிறவர். நான் அதற்கு ஒவ்வொரு முறையும் விருப்பம் போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு வேறொன்றா அண்ணை?

பதிவை எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அது உங்கள் விருப்பம். அந்தப் படத்தில் ஓரமாக அந்த அம்மா நிற்கிறார், குடையைப் பிடித்துக்கொண்டு, எங்களை எண்ணிக்கொண்டு. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.