வாயைக் கட்டச் சொல்கிறவர்களுக்கு

சுகர் பற்றி ஒருவர் மேடையில் பேசிய அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யார், எந்த மேடை என்று நான் சொல்லப்போவதில்லை. என் பங்குக்கும் அவருக்கு வியூஸ் ஏற்றிவிட வேண்டாம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த ஒல்லியான அக்காவை எழுப்பி நிறுத்தி, "எத்தனை வருஷமா சுகர்?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிப்பதற்குள் "வாயைக் கட்டியிருந்தா வந்திருக்குமாம்மா?" என்றாரே, மொத்தக் கூட்டமும் சிரித்ததே, அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த அக்காவும் சேர்ந்து சிரித்தார், கவனித்தீர்களா? புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். வேறு என்ன செய்ய முடியும், மைக் அவர் கையிலா இருந்தது?

நான் டாக்டர் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமென்டில் வந்து சர்டிஃபிகேட் கேட்பீர்கள். ஆனால் படிக்கத் தெரியும். படித்த வரைக்கும் சொல்கிறேன், எல்லாருக்கும் சுகர் வாய் வழியாக மட்டும் வருவதில்லை. நிறையப் பேருக்கு, அவர்கள் ஒரு வாய்ச் சோறு சாப்பிடத் தொடங்குவதற்கு முன்பே, அம்மா வயிற்றில் இருக்கும்போதே, பாதி வேலை முடிந்துவிடுகிறது.

புனேவில் யாஜ்னிக் என்று ஒரு டாக்டர், கேஇஎம் ஆஸ்பத்திரியில். 1990களில் பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, பிறந்த குழந்தைகளை எடை போட்டு, அளந்து பார்த்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ அளவில்தான். இங்கிலாந்துக் குழந்தைகள் கிட்டத்தட்ட மூன்றரை கிலோ. இதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், நம் குழந்தைகளிடம் குறைந்திருந்தது சதையும் (தசையைச் சொல்கிறேன், கொழுப்பை இல்லை) உள்ளுறுப்புகளும். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவாகக் குறையவே இல்லை. பார்க்க நோஞ்சான், உள்ளே கொழுப்பு. பிறந்த அன்றைக்கே! அந்தக் குழந்தை என்ன, பிரசவ வார்டில் படுத்துக்கொண்டு பரோட்டாவா தின்றது?

அதே யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004இல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதினார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற கணக்கு, 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. வெளியே பார்த்தால் இரண்டு பேரும் ஒல்லிதான். மேடையில் நின்று ஆளைப் பார்த்தே "தின்று வளர்த்த உடம்பு" என்று ஜாதகம் கணிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் தேடிப் படிக்கலாம்.

ஏன் இப்படி என்றால், கருவில் சத்து போதாமல் போகும்போது உடம்பு மூளையை எப்படியாவது காப்பாற்றிக்கொள்கிறது. மாசக் கடைசியில் அரிசிக்கு மட்டும் பணத்தை எடுத்து வைத்துவிட்டு மற்ற செலவையெல்லாம் வெட்டுகிற வீடு மாதிரி. வெட்டு விழுவது சதையில், இன்சுலின் சுரக்கும் கணையத்தில், சிறுநீரகத்தில். சிறுநீரகத்தில் வடிகட்டும் நெஃப்ரான்கள் எத்தனை என்பது பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடும், அதற்கப்புறம் புதிதாக ஒன்றுகூட முளைக்காது. சாப்பிடும் சோற்றிலிருந்து வரும் சர்க்கரையைப் பெருமளவில் இழுத்துக்கொள்வது சதை. அதுவே குறைவென்றால்? பிற்காலத்தில் வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்க ஆரம்பிக்கும்போது, பஞ்சத்துக்குத் தயாரான உடம்பு திணறுகிறது. பிரஷர், சுகர், இதயம் என்று வரிசையாக வருகிறது. 1989இலேயே டேவிட் பார்க்கர் என்கிற ஆங்கிலேயர், ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் மருத்துவச்சிகள் எழுதி வைத்திருந்த பழைய நோட்டுகளைத் தேடியெடுத்து, எடை குறைந்த குழந்தைகள்தான் பின்னாளில் மாரடைப்பில் அதிகம் போனார்கள் என்று காட்டியாகிவிட்டது. அப்போது அவரையும் நிறையப் பேர் நம்பவில்லை, அது வேறு கதை.

இப்போது என் பெரியம்மா கதையைச் சொல்லியாக வேண்டும்.

அம்மாவைப் பெற்ற பாட்டி நடவு வேலைக்குப் போனவள். பெரியம்மா வயிற்றில் இருந்தபோது வலி எடுக்கிற அன்று காலை வரைக்கும் வயலில் நின்றவள். சோற்றையும் அளந்துதான் போடுவார்களாம். வயிறு முட்டத் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று மாமியார் கணக்கு. தாத்தா குடிப்பார். ராத்திரி வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் பிள்ளைகளெல்லாம் எழுந்து ஓசைப்படாமல் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார்களாம். ஸ்டாண்டு ஒரே தட்டில் விழுந்தால் அன்றைக்குப் பரவாயில்லை, இரண்டு மூன்று தடவை தடுமாறி விழுந்தால் அடி நிச்சயம். இதைப் பெரியம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். இன்றைக்கும் ராத்திரி தெருவில் எவனாவது பைக்கை நிறுத்தினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மூன்றாம் வகுப்போடு அவளை நிறுத்தினார்கள். போனது படிப்பு மட்டுமா, காமராஜர் போட்ட மதியச் சோறும் அதோடு போயிற்று.

நாற்பது வயதாவதற்குள் சுகர். உடம்பில் சதை என்று கிள்ளிப் பார்க்கக்கூட ஒன்றும் கிடையாது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பாயாசக் கப்பை வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் இருந்த ஒரு படித்த மாமா, சத்தமாக, "சுகர்காரிக்கு எதுக்கும்மா இது, தின்னு தின்னுதானே வந்துச்சு" என்று கப்பை எடுத்துத் தன் இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. "வேண்டாம்னுதான் சொல்ல வந்தேன்" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டாள். எதைத் தின்று வந்தது மாமா? கூழா, நீராகாரமா?

சரி, இதோ வந்துவிடுவீர்கள் என்று தெரியும். "எங்கள் தாத்தாவும்தான் பட்டினி கிடந்தார், 88 வயது, கல்லு மாதிரி இருக்கிறார்." நல்லது, நூறு வயது இருக்கட்டும். இருக்கிறவர் இருக்கிறார், போய்ச் சேர்ந்தவர்கள் கமென்ட் போட முடியாது.

"எல்லாம் ஜீன், அதற்கு என்ன செய்வது." ஜீனுக்கும் பங்கு உண்டு, யார் இல்லையென்றது? ஆனால் 1944-45 குளிர்காலத்தில் நாஜிகள் உணவு வண்டிகளைத் தடுத்து நெதர்லாந்தின் மேற்குப் பகுதியைப் பட்டினி போட்டார்களே, துலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்களே, அந்த மாதங்களில் வயிற்றில் இருந்த குழந்தைகளுக்கு ஐம்பது வயதில் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்திருந்தது. அதே ஊர், அதே ஜனம். முன்னே பின்னே பிறந்தவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை.

"அப்போ டயட், நடை எதுவும் வேண்டாமா? இஷ்டத்துக்குத் தின்னலாமா?" இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், இதில் நியாயமும் இருக்கிறது. நடக்க வேண்டும், மாத்திரையை விடக்கூடாது, இனிப்பைக் குறைக்க வேண்டும். நான் எங்கே இல்லையென்றேன்? பிரிட்டனில் ஆளுக்கு இவ்வளவுதான் என்று சர்க்கரையை அளந்து கொடுத்த ரேஷன் 1953 செப்டம்பரில் முடிந்தது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் காலத்தில் இருந்தவர்களுக்குப் பின்னாளில் டைப் 2 சுகர் வாய்ப்பு 35 சதவீதம், பிரஷர் வாய்ப்பு 20 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2024இல் ஓர் ஆய்வு வந்தது. சர்க்கரைக்கே பார்த்தாலும் முதல் ஆயிரம் நாள்தான் கணக்கில் வருகிறது. அந்த ஆயிரம் நாளில் வாயைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் யார் கையில் இருந்தது?

அடி உதைக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் சான் டியாகோவில் ஃபெலிட்டி, அண்டா என்கிற டாக்டர்கள் 9,500 பேருக்கு மேல் கேட்டு 1998இல் வெளியிட்டார்கள். வீட்டில் அடி, குடிகாரர், அம்மாவை அடிப்பது என்று சின்ன வயதில் பட்ட கஷ்ட வகைகள் கூடக்கூட, பெரியவர்களான பின் இதய நோய் முதல் மனச்சோர்வு வரை எல்லாம் கூடியிருந்தது. பயத்திலேயே இருக்கிற குழந்தையின் உடம்பில் கார்ட்டிசால் என்கிற பதற்ற ஹார்மோனின் ஒழுங்கே கெட்டுப்போகலாம். சைக்கிள் ஸ்டாண்டு சத்தத்தை நீங்கள் மறந்துவிடலாம், உடம்பு மறக்காது.

ஒருவர் இன்பாக்ஸில் வந்து, "அப்படியென்றால் உங்கள் பாட்டியைக் குற்றம் சொல்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். இதற்குத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியை வழித்துக் கடைசியில் உட்கார்ந்தவளை நான் குற்றம் சொல்வேனா? அவளுக்கு அளந்து போட்டவர்களை, அரை வயிற்றோடு நடவுக்கு அனுப்பிய கூலியை, கையை ஓங்கியவரைக் கேளுங்கள். உங்களுக்கெல்லாம் யாராவது ஒரு பொம்பளை குற்றவாளியாகக் கிடைத்தால்தான் நிம்மதி. மகள் தின்றாள், இல்லையென்றால் அம்மா தின்னவில்லை!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வந்ததே வந்தாயிற்று. இந்த வீடியோவை ஆஹா ஓஹோ என்று ஷேர் செய்தவர்களில் பாதிப்பேர், பள்ளிக் காலை உணவுத் திட்டத்தை "இலவச உப்புமா" என்று கிண்டலடித்தவர்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. 1982இல் எம்ஜிஆர் சத்துணவு கொண்டுவந்தபோதும் இதே பேச்சுதான், சோம்பேறியாக்குகிறார்கள் என்று. 1989இல் கலைஞர் முட்டை போட்டபோதும் இதே முகச்சுளிப்புதான். 2022இல் காலை உணவு வந்தபோது வேறென்ன பேசியிருக்கப் போகிறீர்கள்? கர்ப்பிணிக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் பணமும் சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய்க்கு அரசு உதவி கொடுத்தால் "நம்ம வரிப்பணம்" என்கிறீர்கள். பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் வளர்ச்சிக் குன்றல் குறைவு என்று 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் என்கிற அறிவியல் இதழில் வந்திருக்கிறது, இந்தியா முழுக்கப் பார்த்த ஆய்வு. ஒரு தட்டுச் சோறு இரண்டு தலைமுறைக்குப் போகிறது. அந்த முட்டையையும் பிடுங்குவீர்களாம், நாற்பது வருஷம் கழித்து மேடையில் நிறுத்தி வாயைக் கட்டச் சொல்லிச் சிரிப்பீர்களாம்.

திட்டங்களில் ஓட்டை இல்லையா என்றால் இருக்கிறது. வேகாத பருப்பைப் பற்றி நானே இங்கே எழுதியிருக்கிறேன். அதைப் பேசலாம், வாருங்கள். வெந்தயம் ஊறவைக்கிற வைத்தியம், ஆவாரம்பூ டீ லிங்க், "பாசிட்டிவா எழுதுங்க ப்ரோ" இவற்றையெல்லாம் கீழே பார்த்தால் ப்ளாக்தான்.