46 வயசுல கடப்பாரை

"வேலையை விட்டுட்டு இயற்கைப் பக்கம் வந்துட்டீங்களாமே, கொடுத்துவச்சவர் சார்" என்று வாரத்துக்கு ஒருவராவது உள்பெட்டிக்கு வருகிறார். சரி, மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

22 வருடம் வங்கி வேலை, 46-ல் ராஜினாமா. வீட்டுக்கடன் முடிந்திருந்தது, மனைவிக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. இந்த இரண்டும் இல்லையென்றால் இன்னமும் கவுண்டரில்தான் உட்கார்ந்திருப்பேன். உள்மனசு கூப்பிட்டது என்றெல்லாம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் சீமைக் கருவேலத்தை ஒழிப்பதுதான் முதல் திட்டம். ஆள் வைத்து அறுத்து, படமெடுத்து இங்கே போட்டேன். முந்நூறு லைக். ஐப்பசி மழை பெய்தது. ஒவ்வொரு கட்டையிலும் ஏழெட்டுக் கிளை, முன்பைவிடச் செழிப்பாக. ஆடு மேய்க்கிற அக்கா நின்று பார்த்துவிட்டு, "கிராப்பு வெட்டி விட்டிருக்கீக போல" என்றார்.

தூரோடு தோண்டி எடுக்கச் சொல்லித் தந்தவர் கரிமூட்டம் போடும் அண்ணன். அவருக்குச் சோறு போடுவதே அந்த மரம்தான். "எல்லாத்தையும் எடுத்துட்டா நான் எங்க போறது தம்பி?" என்று கேட்டார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சினிமா இயக்கிவிட்டு மரங்கள் பக்கம் போன பிரதீப் கிருஷனுக்கும் இதே எதிரிதான். 2006-ல், ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையை ஒட்டிய சுமார் 70 ஹெக்டேர் பாறைநிலத்தை மீட்கப் போனபோது அவருக்கு வயது 57 இருக்கும். அங்கே வேர் பாறைக்குள் இறங்கியிருந்தது. அதைப் பெயர்த்தவர்கள் கண்ட்வாலியாக்கள், தலைமுறையாகக் குவாரியில் கல் உடைக்கிறவர்கள். சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே பாறை எங்கே விட்டுக்கொடுக்கும் என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். அவர்களை யாரும் பேட்டி எடுத்து 'கனவைத் துரத்தியவர்' என்று தலைப்புப் போடுவதில்லை. எங்களைப் போல வேலையை உதறி வந்தவர்களுக்குத்தான் அந்தத் தலைப்பெல்லாம்.

நான் உருப்படியாகச் செய்வது, சொன்னால் சிரிப்பீர்கள், பழைய வேலையைத்தான். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல் பரப்பு, நூறு ஏக்கருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத்துறைக்கு, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்துக்கு. யாரிடம் மனு கொடுப்பது, கூலிக்கணக்கை எப்படி எழுதுவது, கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று பார்க்க ஊரில் ஆளில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கடப்பாரை அண்ணன் கையில்.

ஆகவே ராஜினாமா கடிதத்தை இப்போதைக்கு எழுதாதீர்கள். ஒரு சனி ஞாயிறு வந்து இருந்து பாருங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில். தடித்த செருப்பு மட்டும் போட்டு வாருங்கள், அந்த முள் சாதாரணச் செருப்பைக் கிழித்துக்கொண்டு ஏறும்.